எஞ்சியதன் கணக்கு



நைட்ரஜனைத் தமிழில் தழைச்சத்து என்கிறோம். பயிரின் மேனியில் அது என்ன செய்கிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறோம். நல்ல பெயர்தான். ஆனால் பயிர் எடுத்துக்கொண்ட பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். வயலில் இட்டு, பயிருக்குள் போகாமல் வேறு வழியில் போய்விட்ட பகுதிக்கு நம்மிடம் பெயர் இல்லை; பெயர் இல்லாததால் கணக்கும் இல்லை. தழையாகாமல் போன அந்தத் தழைச்சத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இட்டது, எடுத்தது, எஞ்சியது என்று மூன்று தொகைகள் உண்டு. பரிந்துரை, விற்பனை, மானியம், இருப்பு என்று அரசும் கடையும் உழவரும் எண்ணுவதெல்லாம் முதல் தொகையை. விளைச்சலை எடை போடும்போது இரண்டாவது தொகை மறைமுகமாக எண்ணப்படுகிறது. கிணற்றைக் கெடுப்பதும், காற்றில் கலப்பதும், குளத்தில் ஆகாயத்தாமரையை வளர்ப்பதும் மூன்றாவது தொகை. அதை ஊர்தோறும் எண்ணத் தொடங்காமல் நைட்ரஜன் மாசைக் குறைக்க முடியாது என்பதே என் வாதம். எண்ணுவது அத்தனை கடினமும் இல்லை என்று காட்ட முயல்கிறேன்.

முதலில் ஒரு நெல் வயலுக்குள் இறங்கிப் பார்ப்போம். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கிறது. காலையில் மேலுரமாக யூரியாவை வீசுகிறோம். வெள்ளை மணிகள் சில நிமிடங்களில் கரைந்துவிடுகின்றன. யூரியாவை வேர் அப்படியே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணிலும் நீரிலும் இருக்கும் யூரியேஸ் என்னும் நொதி அதை உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். நம் வெயிலில் இது ஓரிரு நாளில் நடந்துவிடுகிறது. அதே தண்ணீரில் பாசியும் இருக்கிறது. வெயில் ஏற ஏற பாசி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. அந்த வாயு குறையக் குறைய நீரின் காரத்தன்மை கூடுகிறது. விடியலில் ஏழு, ஏழரை என்றிருந்த பி.எச். அளவு நண்பகலுக்குப் பின் ஒன்பதைத் தாண்டுவதுண்டு. அந்தக் காரத்தில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறுகிறது, காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. சூரியன் சாய்ந்ததும் அளவு இறங்கிவிடும், மறுநாள் மீண்டும் ஏறும். இப்படி வீசிய ஒரு வாரத்துக்குள் இட்டதில் பாதி வரைகூட வாயுவாகப் போய்விட்டதை வெப்பமண்டல நெல் வயல்களில் நடந்த சோதனைகள் பதிவு செய்திருக்கின்றன. பயிர் இளம் பயிராக இருந்து வயல் திறந்து கிடந்தால் இழப்பு கூடும். இலைகள் மூடிய பின் குறையும். ஆக, எத்தனை மூட்டை என்பதற்கு நிகராக, எந்த வாரம், எந்த நிலையில் உள்ள தண்ணீரில், மேலே வீசினோமா உள்ளே வைத்தோமா என்பவையும் இழப்பைத் தீர்மானிக்கின்றன.

காற்றில் போகாத அம்மோனியத்தின் கதை மண்ணுக்குள் தொடர்கிறது. தொழி வயலின் மண் பார்வைக்கு ஒரே சேறு. உண்மையில் அது இரண்டு உலகம். நீரைத் தொட்டிருக்கும் மேல்தோல், சில மில்லிமீட்டர் கனம் மட்டுமே உள்ளது, அதில் உயிர்வளி உண்டு. அதன் கீழே இல்லை. மேல்தோலில் வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்க, வேறு சில அதை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது, நீரோடு நகரும். கீழ் அடுக்குக்கு நகர்ந்ததும், உயிர்வளி கிடைக்காத நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் உள்ள உயிர்வளியைப் பிடுங்கிச் சுவாசிக்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. அது எங்கிருந்து வந்ததோ அந்தக் காற்றுக்கே திரும்புகிறது. வழியில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்புகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பம் கூட்டும் வாயு அது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. நெல் வயலின் இந்த இரண்டு அடுக்கு இரகசியத்தை ஜப்பானிய மண்ணியல் அறிஞர் ஷியோய்ரி சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தெளிவுபடுத்தினார். அம்மோனிய உரத்தை மேலே தூவாமல் சேற்றின் கீழ் அடுக்கில் வைத்தால் நைட்ரேட் ஆகாமல் பயிருக்குக் கிடைக்கும் என்பது அதிலிருந்து பிறந்த முடிவு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பெரும்பாலும் வீசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. வேப்பம் புண்ணாக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து பங்கு யூரியாவோடு ஒரு பங்கு புண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது நம் விரிவாக்கப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. 2015இல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. நல்ல முடிவு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேம்பு செய்வது என்ன? அம்மோனியம் நைட்ரேட் ஆவதைத் தாமதப்படுத்துகிறது. நைட்ரேட்டாகி ஒழுகும் வழி குறுகுகிறது; நைட்ரஸ் ஆக்சைடும் குறையக்கூடும். அதே சமயம் அம்மோனியம் கூடுதல் நாள் அம்மோனியமாகவே இருக்கிறது. அது காரம் ஏறிய தண்ணீரின் மேற்பரப்பில் இருந்தால், வாயுவாகப் போவதற்குக் கூடுதல் நாள் கிடைத்தது என்றும் பொருள். கிணற்று நீரை மட்டும் அளப்பவருக்கு வெற்றி தெரியும், காற்றை அளப்பவருக்குத் தோல்வி தெரியும். அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் கேலோவே நைட்ரஜனின் இந்தப் போக்கை அருவிக்கு ஒப்பிட்டார். காற்றில் அம்மோனியாவாகப் போன அணு காட்டில் விழுந்து, ஓடையில் நைட்ரேட்டாகி, கழிமுகத்தில் பாசியாகி, பின் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே ஏறலாம். ஒரே அணு பல இடத்தில் கேடு செய்கிறது. ஆகவே எந்த ஓட்டையில் எவ்வளவு போகிறது என்பதை மட்டும் வைத்து மேலாண்மை செய்தால் மாசை இடம் மாற்றிக்கொண்டிருப்போம். எஞ்சியது மொத்தமாகக் குறைந்ததா என்பதுதான் ஏமாற்றாத கேள்வி.

எஞ்சியதெல்லாம் அந்த ஆண்டே வெளியேறிவிடுவதும் இல்லை. பிரான்ஸில் 1982இல் அடையாளமிட்ட நைட்ரஜனை, அதாவது எடை கூடிய ஐசோடோப்பு கலந்த உரத்தை, மண் தொட்டிகளில் இட்டு முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. அந்த ஒரு முறை இட்ட உரத்தில் 61 முதல் 65 விழுக்காட்டைப் பயிர்கள் எடுத்திருந்தன. 12 முதல் 15 விழுக்காடு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மண்ணின் மக்கிலேயே இருந்தது. 8 முதல் 12 விழுக்காடு நிலத்தடி நீரை நோக்கி இறங்கியிருந்தது. இன்னும் அரை நூற்றாண்டு அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்று கணித்தார்கள். ஒரே ஒரு முறை இட்டதற்கு இவ்வளவு நீண்ட நினைவு மண்ணுக்கு! இன்று கிணற்றில் அளக்கும் நைட்ரேட்டில் நம் தாத்தா காலத்து உரமும் இருக்கிறது. நாம் இன்று மிச்சம் வைப்பது பேரப்பிள்ளைகளின் குடத்துக்குப் போகிறது.

குடத்தின் நிலை கவலைக்குரியது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடெங்கும் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். இந்த வரம்புக்குப் பின்னால் கைக்குழந்தைகளின் உயிர் இருக்கிறது. கிணற்று நீரில் கரைத்த பால்மாவைக் குடித்த பிள்ளைகளின் உடல் நீலம் பாரித்ததை அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் காம்லி 1945இல் எழுதிய பிறகுதான் நைட்ரேட்டுக்கு உலகம் எல்லை வகுத்தது. களிமண் நிறைந்த டெல்டாவில் இழப்பின் பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது. கிணற்றுப் பாசன மேட்டு நிலங்களில் அது கிணற்றுக்கே திரும்புகிறது. இந்த இரண்டாவது வகைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தமிழ் நிலத்தில் காண்பது அரிது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே கிடையாது. செம்மண்ணின் மெல்லிய போர்வைக்குக் கீழே துளையும் பிளவும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை; மழை நீரும் அதோடு கரைந்ததும் விரைவாக உள்ளே இறங்கிவிடும். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று உரமும் எருவும் நிறையக் கேட்கும் தோட்டப் பயிர்கள். தோட்டத்துக்கு இறைப்பதும் குடிப்பதற்கு மொண்டு வருவதும் ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து. அங்குள்ள பல கிணறுகளில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். தோட்டத்து உரம் காரணமல்ல, வளவுக்குள் கிணற்றருகே வெட்டிய மலக்குழியே காரணம் என்று அங்கே ஒரு வாதம் உண்டு. மலக்குழியும் காரணம்தான். ஒரு மனிதர் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ நைட்ரஜனைக் கழிக்கிறார், அதில் பெரும்பகுதி சிறுநீரில். ஆனால் இந்த வாதம் என் கருத்தை உறுதிதான் செய்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குத் தோட்டம், கழிவறை, மாட்டுத் தொழுவம் என்ற பேதம் தெரியாது. வந்து சேர்ந்த எல்லாவற்றையும் கூட்டி, விளைபொருளாக வெளியே போனதைக் கழித்தால்தான் உண்மை தெரியும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு அறுபது கிலோ தழைச்சத்து என்பது நம் நடவு வயல்களுக்கு வழக்கமான பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது இருபது கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜன் இருக்கிறது. எல்லாம் யூரியாவாகவே போனால் மூன்று மூட்டை. அறுபது கிலோ மூட்டையில் நாற்பது மூட்டை கண்டது என்று வைத்துக்கொள்வோம். 2,400 கிலோ நெல். நெல்மணியில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் நைட்ரஜன், எனவே மணியோடு போனது ஏறத்தாழ 28 கிலோ. வைக்கோலையும் கட்டி எடுத்துவிட்டால் அதோடு ஒரு 14 கிலோ. மொத்தம் 42. வரவுப் பக்கத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: வயலில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து பிடித்துத் தருவது. 1939இலேயே அறிவியலாளர் பி. கே. டே நம் நாட்டு நெல் மண்ணில் நிரூபித்த செயல் அது. போகத்துக்கு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ என்று கொள்ளலாம். வரவு 72, செலவு 42, எஞ்சியது 30 கிலோ. இது பரிந்துரையை மீறாத உழவரின் கணக்கு! ஒன்றரை மூட்டை யூரியாவுக்கு நிகரான சத்து ஒரு போகத்தில் ஒரு ஏக்கரிலிருந்து எங்கோ போகிறது, அல்லது போவதற்குக் காத்திருக்கிறது. கூடுதலாக இன்னொரு மூட்டை வீசியவருக்கு இது ஐம்பதாகும். அந்த ஐம்பதைத் தேடிப் புகையானும் குலைநோயும் வரும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும்.

இதற்கெல்லாம் இரசாயன உரமே கூடாது என்பதுதான் விடை என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். அவர்களுடைய அக்கறை உண்மையானது, ஆகவே விடையும் முழுமையாக இருக்க வேண்டும். வேதியியலாளர் ஹேபர் 1909இல் செய்து காட்டி, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலையாக எழுந்த அம்மோனியாத் தொகுப்பு முறை இல்லாவிட்டால் இன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவு இருக்காது. அதை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. ஏழை வீட்டு அடுப்புதான் முதலில் அணைந்தது. இன்னொரு பக்கம் நெதர்லாந்தைப் பாருங்கள். 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசின் நைட்ரஜன் அனுமதித் திட்டத்தைச் செல்லாது என்றது. கட்டுமானங்கள் நின்றன, டிராக்டர்கள் நெடுஞ்சாலையை அடைத்தன. அங்கே காட்டையும் புதர்வெளியையும் கெடுக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி மாட்டுச் சாணத்திலிருந்தும் பன்றிக் கழிவிலிருந்தும் வருவது. எருவும் எஞ்சினால் மாசுதான். தக்கைப்பூண்டையும் கொளுஞ்சியையும் மடக்கி உழுவதை நான் மனமார ஆதரிக்கிறேன், மண்ணின் மக்கு வளர அது நல்ல வழி. ஆனால் அதிலுள்ள சத்தையும் வரவில் எழுதி, அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்க வேண்டும். இரண்டையும் முழுதாக இட்டுவிட்டு இயற்கைக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்வதில் பொருளில்லை.

மறுமுனையில், அரை லிட்டர் நானோ யூரியா ஒரு மூட்டைக்கு ஈடு என்ற விளம்பரம் 2021 முதல் ஒலிக்கிறது. அறிமுகமானபோது அதில் இருந்தது நான்கு விழுக்காடு நைட்ரஜன். ஒரு புட்டிக்கு இருபது கிராம். மூட்டையில் இருபது கிலோ. இலையில் தெளிப்பது எவ்வளவு திறமையாக உறிஞ்சப்பட்டாலும், ஆயிரம் மடங்கு இடைவெளியை அந்த இருபது கிராமே நிரப்பியிருக்க முடியாது. விளைச்சல் குறையாமல் இருந்தால் மீதியைப் பயிர் மண்ணிடமிருந்து எடுத்திருக்கிறது என்றே பொருள். சில போகங்களுக்கு மண் தாங்கும். பிறகு கையை விரித்துவிடும். எஞ்சியதன் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போவதும் நல்லதல்ல, அது சேமிப்பைத் தின்பது.

இப்படிக் கணக்கு வைத்து வென்ற நாடு இருக்கிறதா? இருக்கிறது. டென்மார்க் கடலோரங்களில் மீன்கள் மூச்சுமுட்டிச் செத்த பிறகு, 1980களின் நடுவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் போட்டது. பண்ணைதோறும் உர வரவு செலவு எழுதுவதைக் கட்டாயமாக்கியது, எருவில் உள்ள நைட்ரஜனையும் வரவில் சேர்க்கச் சொன்னது. விளைச்சலைக் கைவிடாமலேயே எஞ்சும் நைட்ரஜனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. உடனே எழும் ஆட்சேபம் எனக்குத் தெரியும்: அங்கே பண்ணைகள் சில பத்தாயிரம், 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 79 லட்சம் நில உடைமைகள், சராசரி ஒரு எக்டேர்கூட இல்லை. ஒவ்வொருவரிடமும் பேரேடு கேட்பது கொடுமை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழவரிடம் கேட்கவே தேவையில்லை. 2018 முதல் உர மூட்டை கைரேகை வைத்து விற்பனைக் கருவி வழியேதான் விற்பனையாகிறது. எந்தக் கடையில் எத்தனை மூட்டை என்பது பதிவில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்காக வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, எடை போடும் அறுவடைப் பரிசோதனை ஊர்தோறும் நடக்கிறது. சாகுபடிப் பரப்பு அடங்கல் பதிவேட்டில் இருக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பு தனியே இருக்கிறது. நான்கும் நான்கு அலுவலகத்தில் கிடக்கின்றன. அவற்றைக் கூட்டினால் ஃபிர்க்கா, அதாவது குறுவட்ட, அளவில் எஞ்சியதன் தொகை துல்லியமாக இல்லாவிட்டாலும் போதிய அளவுக்குக் கிடைத்துவிடும். ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊர்க் கடையில் வாங்கியிருப்பார், சோதனைச் சதுரம் நல்ல வயலில் விழுந்திருக்கும், பிழை இருக்கும்தான். எழுபதா முப்பதா என்று பிரித்தறிய அந்தப் பிழை தடையாகாது.

தொகை தெரிந்தால் பழி உழவர் தலையில் விழும் என்ற அச்சம் நியாயமானது, அதற்கு நேரே பதில் சொல்ல வேண்டும். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா நின்ற இடத்திலேயே நின்றது. 2009-10இல் நாடு இட்ட தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 4.3:2:1, மூன்றே ஆண்டில் 8.2:3.2:1. விலைப் பலகையைப் பார்த்துக் குத்தகை உழவர் எடுத்த முடிவு அது. அவர் நிலையில் யாரும் அதையே எடுப்பார்கள். சாம்பல் சத்து குறைந்த பயிர் இட்ட தழைச்சத்தையும் முழுதாகப் பயன்படுத்தாது, ஆகவே எஞ்சுவது இரட்டைக் காரணத்தால் ஏறுகிறது. அப்படியானால் யூரியா விலையை ஏற்றிவிடலாமே என்றால், அது மட்டும் செய்தால் ஏழைக் குத்தகைதாரர்தான் முதலில் முறிவார். யூரியாவில் குறைக்கும் மானியத்தை அதே உழவருக்கு மற்ற சத்துகளாகவோ, பசுந்தாள் விதையாகவோ, கணக்கில் நேரே பணமாகவோ திருப்பித் தருவதோடு சேர்த்தே விலை திருத்தம் வர வேண்டும். எஞ்சும் தொகை குறைந்த ஃபிர்க்காவுக்கு ஊக்கத்தொகை தரலாம். கூடிய ஃபிர்க்காவுக்குத் தண்டம் வேண்டாம், விரிவாக்கப் பணியாளரை அனுப்புங்கள்.

அனுப்பப்படுபவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது: உள்ளங்கை நீள பிளாஸ்டிக் பட்டை, அதில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை வெயில் ஏறுமுன், வயலில் பத்து இடத்தில், நன்றாக விரிந்த இளம் இலையை அட்டையின் மேல் வைத்து, நம் உடம்பின் நிழலை அதன்மேல் விழவிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் கட்டம், மற்ற இரகங்களுக்கு நான்காம் கட்டம். பெரும்பாலான இலைகள் அதைவிட வெளுத்திருந்தால் மேலுரம் இடலாம். இல்லையென்றால் மூட்டையை அவிழ்க்க வேண்டாம். நாள்காட்டி பார்த்து இடுவதற்கும் இலையைப் பார்த்து இடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் எஞ்சுவதில் பெரும்பகுதி. வங்கதேசத்தில் யூரியாவைப் பெரிய குளிகைகளாக அழுத்தி, நான்கு குத்துக்கு நடுவே ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு உரம் மிச்சமாகிறது, விளைச்சலும் கூடுகிறது. ஆனால் குனிந்து ஒவ்வொன்றாகப் புதைக்க ஆள் வேண்டும். டெல்டாவில் நடவுக்கே ஆள் கிடைக்கவில்லை. நடவு இயந்திரத்தோடு குளிகை வைக்கும் கருவியும் வாடகை மையத்தில் கிடைத்தால்தான் அது இங்கே கால் ஊன்றும்.

ஐ.நா. உறுப்பு நாடுகள் 2019 அக்டோபரில் கொழும்பில் கூடி, வீணாகும் நைட்ரஜனை 2030க்குள் பாதியாக்குவோம் என்ற பிரகடனத்தை முன்வைத்தன. பாதி என்று சொன்னவர்கள் எதில் பாதி என்று எந்த ஊருக்கும் எழுதி வைக்கவில்லை. வரும் சம்பாவுக்கு விற்பனைக் கருவியின் பதிவையும் அறுவடைச் சதுரத்தின் எடையையும் ஒரே தாளில் எழுத ஒரு ஃபிர்க்கா போதும், ஒரு வருவாய் ஆய்வாளரும் ஒரு வேளாண்மை உதவி அலுவலரும் போதும். அறுவடை தையில் முடியும். மாசி பிறப்பதற்குள் அந்த முதல் தொகையை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டிவிடலாம்.